வேணாம்னு சொல்றவன்

எந்த கேம் நல்லா இருக்கும், எந்த மெஷின் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதை நேர்மை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வாங்குங்க என்று நான் சொல்லி, அவர் வாங்கி, அது புகைந்து போனால் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாரே என்ற பயம்தான்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு விழுப்புரத்தில் ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே கடைதான். வீடு வீடாகப் போய் பேட்டரி மாட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பது. பேட்டரி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது எவ்வளவு நாள் வரும் என்பதைத்தான். கேம் சாமான்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் இதை மட்டும் கேட்கவே மாட்டார்கள். பெட்டியைப் பிரிப்பார்கள், பளபளப்பைக் காட்டுவார்கள், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள்.

என் கம்ப்யூட்டர் நானே சேர்த்தது. அதில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு புதுச்சேரியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கியது. முன்னால் யாரிடம் இருந்தது, எவ்வளவு அடி வாங்கியது, எதுவும் தெரியாது. அதனால் அது சத்தம் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். சித்திரை மாதத்தில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். "மனுசன் வேர்வையில குளிச்சிக்கினு கீறான், பொட்டிக்குக் காத்து கேக்குதா?" என்பார் அம்மா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கலர் கலராக எரியும் கீபோர்டு, எரியும் மவுஸ், எரியும் ஃபேன் இதெல்லாம் சுத்த வீண். எங்கள் ஊரில் மழை பெய்து ஓய்ந்தால் ஈசல் கிளம்பும். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கீபோர்டு மட்டும் எரிந்தால் அத்தனை ஈசலும் எங்கே வரும்? கீபோர்டு இடுக்கில் சிக்கிய சிறகைக் கிள்ளி எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. காதை முழுக்க மூடும் ஹெட்செட்டும் எனக்கு ஆகாது. அடுப்பில் பால் பொங்கும், அம்மா கூப்பிடுவார், காலிங் பெல் அடிக்கும், ஒன்றும் கேட்காது. ஒரு காதை எப்போதும் திறந்து வைத்துத்தான் ஆடுவேன்.

கேம்களில், நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடாததை நான் தொடுவதே இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று எனக்குத் தெரியுமா, அந்த கேம் செய்தவனுக்குத் தெரியுமா? மனசு லேசாகும் என்று ஒரு விவசாய கேமை நண்பன் ஏற்றிக் கொடுத்தான். அதில் விதைத்ததெல்லாம் முளைக்கிறது, மழை சொன்ன நேரத்துக்கு வருகிறது, விளைந்ததைக் கொண்டுபோனால் யாரும் ஈரமாக இருக்கிறது என்று தள்ளுவதில்லை. வீட்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பார்த்தவன் அதை ஆட முடியாது. கோபம்தான் வரும். லாரி ஓட்டும் கேம் ஒன்றைத்தான் வருஷக்கணக்காக ஆடுகிறேன். எல்லா சிக்னலிலும் நிற்பேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் போக மாட்டேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் பெண் பார்த்தார்கள்.

திருவாமாத்தூர் கோயிலில் பார்த்தோம். பெண்ணுக்கு ஊர் திண்டிவனம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. தினமும் ரயிலில் வந்து போகிறவள். அப்பா இல்லை. சித்தப்பாதான் படிக்க வைத்து வளர்த்தவர். பிரகாரத்தில் இரண்டு பேரையும் பேச விட்டார்கள். ஃபோனில் என்ன கேம் ஆடுவீர்கள் என்று அவள் கேட்டாள். ஃபோனில் ஆட மாட்டேன், சார்ஜ் இறங்கிவிட்டால் அவசரத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கேலி இருந்ததா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. இது அமைய வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதுவரைக்கும் எந்தப் பெண் பார்த்தபோதும் அப்படி நினைத்ததில்லை.

அடுத்து அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மாவும் சித்தப்பாவும். சித்தப்பா திண்டிவனத்தில் ஸ்டோர் வைத்திருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். மளிகை ஸ்டோர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரின் மேல் அம்மா ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தார். சித்தப்பா நேராகப் போய் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுலதான் ஆடுவியா தம்பி?"

"ஆமாங்க சார். வேலைக்குப் போய் வந்தப்புறம்தாங்க."

"கையில வெச்சி ஆடறது ஒண்ணு வருதே. ஒரே டப்பாவுல பத்தாயிரம் கேமுன்னு. அது எப்படி?"

எனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகிவிட்டது. "வேணாங்க சார். பேரை மாத்தி மாத்தி ஒரே கேமைத்தான் போட்டிருப்பான். பட்டன் கொஞ்ச நாள்ல உள்ள போயிடும். பேட்டரி உப்பிக்கும். கொழந்தைங்க கையில குடுக்கற சாமானே இல்ல அது."

"அப்படியா. எங்க விக்கிறானுங்க இத?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி கடைங்கள்ல. உங்க ஊர்லயே ஒரு கடையில வாசல்ல சரம் சரமா தொங்க விட்டுக்கினு கீறான்."

"பச்சை போர்டு போட்ட கடையா?"

"அதேதாங்க."

"அது என் கடை" என்றார்.

பெண்ணின் அம்மா காபி டம்ளருக்குள் எதையோ தேடுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா புடவையைத் திரும்பவும் ஒழுங்காகப் போர்த்தினார். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து வந்து, எலை போட்டாச்சு, சாப்பிட வாங்கண்ணே என்றார்.

"இல்லம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம். கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம். காபியோடு எழுந்தால் வேறு இடம் பார்க்கலாம் என்று அர்த்தம். வடை, பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தது அத்தனையும் அப்படியே இருந்தது.

"ஒனக்கு இன்னாத்துக்குடா அந்த வாய்?" என்றார் அம்மா. "நல்லாத்தான் கீதுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"அவரு கடைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா மட்டும் மாத்தி சொல்லிடுவியா நீ? குடி, பாயசத்தக் குடி. நான் ஒருத்தியா குடிக்க முடியும்?"

அடுத்த வாரம் பேட்டரி இறக்க திண்டிவனம் போனபோது வண்டியிலிருந்தே அந்தக் கடையைப் பார்த்தேன். வாசலில் டப்பா ஒன்றுகூடத் தொங்கவில்லை. எல்லாம் விற்றுவிட்டதா, எடுத்துவிட்டார்களா? விற்றிருந்தால் நான் சொன்னது பொய். எடுத்திருந்தால் நான் வியாபாரத்தைக் கெடுத்தவன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. சிவப்பும் கறுப்புமாக கேமிங் சேர். கூடவே குரல். "தம்பி, இத மொத்தமா எடுத்தா கொறச்சிக் குடுக்கறேங்கறான் பார்ட்டி. நீ இன்னா சொல்ற?"

என்னைச் சோதிக்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. நல்லா இருக்குங்க என்று அடித்தேன், அழித்தேன். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். மேலே இருப்பது தோல் இல்லை, தோல் மாதிரி. நம் ஊர் வெயிலில் முதுகு வெந்துவிடும். உட்கார உட்கார உரிந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிறவனுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தலையணையும் போதும். ஆனால் இதைச் சொன்னால் கொஞ்சநஞ்சம் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். சொல்லாவிட்டால்? கல்யாணம் நின்றால் கெட்ட பெயர் ஒரு தடவைதான். கல்யாணம் நடந்து, நாற்காலி உரிந்தால், ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் எதிரில் போய் நிற்க வேண்டும்.

"முதுகு வேகும் மாமா. உரிஞ்சிடும். வேணாம்" என்று அனுப்பினேன். மாமா என்று அடித்துவிட்டதை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அழிப்பதற்குள் அவர் படித்துவிட்டார்.

சாயந்திரம் வரைக்கும் பதில் இல்லை. ஒரு வீட்டில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் குரல் வந்தது.

"சேர் வேணாம்னுட்டேன். அந்த டப்பாங்களையும் பார்ட்டிகிட்டயே திருப்பி அனுப்பிட்டேன், வாங்கினு போனவனுங்க தெனம் ஒருத்தன் எடுத்துக்கினு வந்து சண்ட போட்டானுங்க. அன்னிக்கு உன் மேல கோவம்தான்பா எனக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க பொண்ணு வேற, அவரு சொன்னதுல இன்னா தப்புன்னு தெனம் நச்சரிக்குது. ஞாயித்துக்கிழம அண்ணியக் கூட்டிக்கினு வர்றேன். அம்மாவ சமைக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு முதலிலிருந்து திரும்பப் போடச் சொன்னார். பிறகு உளுந்து இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மா இலை போட்டார். சித்தப்பா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வடையைப் பிட்டு வாயில் போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "தம்பி, வயர் இல்லாத ஹெட்செட்டு ஒண்ணு புதுசா வந்து கீது, கழுத்துல மாட்டறது. எடுக்கலாமா?" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

அது வேலைக்காகாத சாமான். அவர் அந்த வடையை மென்று முழுங்கும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.