இசபெல் அக்காவின் ஒரே ஒரு சுற்று

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினேழு வருடமாகப் பிள்ளை பார்ப்பவள் இசபெல் அக்கா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு. பால்மா கரைப்பதும் துணி அலசுவதும் என் வேலை. ஒன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அக்கா ஆடுவாள்.

அதுவும் சும்மா ஆட்டமில்லை, சல்சா. கொழும்பிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த போனில் பார்த்துப் பழகியது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி. நன்றாகத்தான் ஆடுவாள், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தில் பெண்கள் பம்பரமாகச் சுற்றுவார்களே, அது மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. பால் குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் சுற்றினாள். கழுவ வேண்டி வந்தது என் சேலையைத்தான்.

"அப்ப வீட்டுல வெறுங்கையோட சுத்துக்கா," என்றேன்.

"ஒட்டு ஒட்டா இருக்கிற லயத்து வீட்டுல சுத்துனா அடுத்த வீட்டு சட்டிபானையெல்லாம் விழும்டி. நல்ல எடத்துல, பாட்டோட, ஜோடியோட சுத்தணும். ஒரே ஒரு சுத்து. அப்புறம் செத்தாலும் பரவாயில்ல."

நாற்பத்தாறு வயதில் வந்த ஆசையைப் பாருங்கள்!

கொழும்பில் ஞாயிறு மாலைகளில் யார் வேண்டுமானாலும் போய் ஆடக்கூடிய மொட்டைமாடி ஒன்று இருப்பதாக மகள் சொல்லிவிட்டாள். அந்த வாரம் திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. ஞாயிறன்றே புறப்பட்டாயிற்று. வீட்டில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நேர்த்தி என்று சொன்னோம். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று முதலில் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தினோம். "அந்தோனியாரே, காலு பின்னாம பாத்துக்கங்க!" என்று அக்கா சத்தமாக வேண்ட, பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த யாரோ ஒரு அம்மா அவள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

மாடியில் கலர் கலராக விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு. அங்கே பெண்கள் உடுத்தியிருந்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நாங்கள் இருவர் மட்டும் மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு வியர்த்து வழிந்துகொண்டு நின்றோம். சுகிர்தன் என்றொருவர், யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலையாம், கண்ணாடி போட்ட பனைமரம், வந்து கையை நீட்டினார்.

"வாங்கோ அக்கா, ஆடுவம்."

அக்கா கையைப் பிடிக்கவில்லை. ஆளையே வாரி அணைத்து, குனியவைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்து, முதுகில் தட்டத் தொடங்கிவிட்டாள்! கால் மட்டும் தாளம் தப்பாமல் போகிறது. மற்ற ஜோடிகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் மானம் கப்பலேறியது.

"நான் கையைத் தூக்கேக்க நீங்கள் சுத்தவேணும் அக்கா," என்று தோளுக்குள்ளிருந்து முனகினார் அவர்.

"பால் ஏதும் குடிச்சீங்களா?"

"இல்லை... பால் போடாத பிளேன்ரீதான்."

அதற்கும் அக்கா விடவில்லை. அவர் கையைத் தூக்கத் தூக்க இவள் இன்னும் இறுக்கினாள். பாவம் மனுசன், போராடிக் களைத்து முழுப்பாரத்தையும் அவள்மேல் போட்டுவிட்டார். பாட்டு முடியப்போகிறது. அக்கா கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

"கிருஷாந்தி, கை விடமாட்டேங்குதுடி. விட்டா விழுந்துருவாருன்னு பயமா இருக்கு."

பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் கீழே விட்டதில்லை. அந்தக் கை வேறு என்ன செய்யும்? எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இதற்கா கோழி கூவுமுன் எழுந்து வந்தோம்?

"அவருக்கு மீச நரைக்குதுக்கா! விட்டுத் தொலை!" என்று கத்தினேன்.

விட்டாள். இரண்டு கையும் காற்றில் விரிய, சேலை சுழல, சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுகிர்தன் தொப்பென்று தரையில் விழுந்து கண்ணாடியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். விழுந்த சத்தம் அக்காவுக்கும் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது. ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தபடி நாலாவது சுற்றுக்குப் போய்விட்டாள்.