சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் ஜெனியோடு பேசியவர்

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன், துறைமுகமும் அங்கிருந்து எண்ணூர் வரைக்குமான தொழிற்சாலைப் பகுதியும் என் பொறுப்பு. திருவொற்றியூரில் வேப்பமரத்தில் பால் வடிகிறது என்றாலும் மணலியில் பூட்டிய வீட்டுக்குள் பாத்திரம் உருள்கிறது என்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். போய்ப் பார்த்துவிட்டு, மரத்தில் பூச்சி அரிப்பு, வீட்டில் பெருச்சாளி என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை. நல்ல வெயிலில், சாயங்காலம் நாலு மணிக்கு, சுற்றிலும் ஆயிரம் பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த இடத்தில்.

என் தம்பி சேவியர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தான். 1998இல் ஒருநாள் காலை கப்பலில் ஆளை எண்ணியபோது அவன் இல்லை. சிங்கப்பூரைத் தொட இன்னும் ஒருநாள் பயணம் இருந்ததாம். கடலில் விழுந்திருக்கலாம், தேடினோம், கிடைக்கவில்லை என்று ராயபுரத்துக்குக் கடிதம் வந்தது. அப்போது அவன் மகள் ஜெனிக்கு இரண்டு வயது. அவன் மனைவி பிலோமினா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழவில்லை. காசிமேட்டுக் கடலில் நீந்தி வளர்ந்தவன் தண்ணீரில் சாவானா, எவனாவது மீன்காரன் தூக்கியிருப்பான், எங்கேயாவது நினைவு தப்பிக் கிடப்பான், வருவான் என்றாள்.

எட்டு மாதம் பொறுத்தோம். உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்து அடக்கம் பண்ணுவார்கள். கல்லறைத் திருநாளன்று ராயபுரமே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகப் போகும்போது என் அம்மாவுக்கு மட்டும் போய் உட்கார ஓர் இடமில்லை என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மைதான். முடிவு தெரியாத செய்தி எனக்குப் பிடிக்காது, தெருவில் பார்க்கிறவனெல்லாம் தம்பி விஷயம் என்னாச்சு என்று கேட்பதும் பிடிக்கவில்லை. துணி கேட்டுப் போனேன். பிலோ டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"உசுரோட கீறவரு துணிய மண்ணுல போட நீங்க யாரு மாமா?"

அவள் வராமலேயே அடக்கம் நடந்தது. மறுநாள் பேப்பரில் இரங்கல் அறிவிப்பை நானே எழுதினேன்.

இதற்கு ஆறு வருடம் கழித்து, 2004 மே மாதம், பிலோவின் அண்ணன் அந்தோணி எங்களைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார். அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். பிலோவையும் ஜெனியையும் கூட்டிக்கொண்டு நானும் என் மனைவி லூர்துவும் போனோம். ஊர் சுற்றப் போகிறோம் என்று ஜெனியிடம் சொல்லியிருந்தோம். பெரியவர்களுக்கு வேறு காரணம் தெரியும். அந்தோணியோடு வேலை பார்க்கும் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம், மனைவி இறந்து மூன்று வருடம் ஆனவர், பிலோவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லியிருந்தார். ஜெனிக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வருவதாக ஏற்பாடு. பிலோ பாதிக்கு மேல் இறங்கி வந்திருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள், அன்று காலை புதுப் புடவையை அவளாகவே எடுத்துக் கட்டினாள்.

அந்த முதல்நாளை ஜெனி விழுங்கிக்கொண்டே வந்தாள். பறவைப் பூங்காவில் கிளி சைக்கிள் ஓட்டியது, நம் ஆட்கள் கடைகள் நிறைந்த தேக்காவில் வாழையிலையில் சாப்பாடு போட்டார்கள், ரயில் கதவு தானாகத் திறந்தது. மூன்று மணிவாக்கில் ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கச் சிலையைப் பார்க்கப் போனோம். ஜெனி கடலைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். இங்க கடல் ஏன் நாறவே இல்ல, கருவாடு எங்க காய வெப்பாங்க என்று கேட்டாள். காய வெச்சா ஃபைன் போட்ருவான் பாப்பா என்றார் அந்தோணி. பிலோ சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

படகில் ஒரு சுற்று போகலாம் என்று அந்தோணியும் நானும் டிக்கெட் வரிசையில் நின்றோம். பிலோவும் லூர்துவும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்கள். ஜெனி எங்களோடு இருக்கிறாள் என்று அவர்களும், அவர்களோடு இருக்கிறாள் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். எல்லோரும் ஒன்றுசேர்ந்தபோது குழந்தை இல்லை.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். சிலைக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டின் மேல்படியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிலோ முதுகில் ஓர் அறை வைத்தாள். ஜெனிக்கு ஏன் அடி என்றே புரியவில்லை. ஒரு அங்கிள் பேசிக்கினு இருந்தாரு, அதான் வரல என்றாள். என்ன பேசினார், எந்த மொழியில் என்று அந்தோணி கேட்டார்.

"நம்ம மாதிரிதான். இன்னா பாப்பா, சிங்கத்த பாத்தியான்னாரு. யார்கூட வந்தேன்னு கேட்டாரு. அம்மா எப்பிடி கீதுன்னாரு. நல்லா கீதுன்னேன். சரி போ, தேடுவாங்கன்னுட்டு போய்ட்டாரு."

ஆள் எப்படி இருந்தார் என்று பிலோ கேட்டாள். கிளியைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் ஜெனி இதையும் சொன்னாள். கறுப்பா, ஒயரமா. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, ஜேபிக்குக் கீழ நீலமா இங்க் கொட்டி ஊறிப்போய் இருந்துச்சு. பொட்டியிலேர்ந்து இப்பதான் எடுத்து மாட்டினாப்ல சட்டை பூரா மடிப்பு மடிப்பா இருந்துச்சு.

சேவியரின் இடது சுண்டுவிரல் பதினாறு வயதில் விசைப்படகின் கயிற்றில் மாட்டிப் பாதி போனது. குழந்தைக்கு அதை யாரும் சொன்னதில்லை என்று பிலோ சத்தியம் செய்தாள். வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் அவன் இடது கை பின்னால் இருக்கும். பிலோ புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். அந்தக் கரை முழுக்க, பாலத்தடி, படகுத்துறை, கழிப்பறை வாசல், கறுப்பாக உயரமாக இருந்த ஒவ்வொருவனையும் தோளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம். படகு டிக்கெட் என் கையிலேயே நசுங்கிப் போயிற்று.

லூர்து என் பக்கம் வந்து, "மஞ்சக் கட்டம் உங்களுக்கு ஒண்ணு இருந்துச்சே, இங்க் கொட்டினது?" என்றாள். அதை எப்பவோ பாத்திரக்காரனுக்குப் போட்டாச்சே என்றேன். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பிலோ துணி கொடுக்காததால், சேவியரின் பெட்டியில் வைக்க அவனுடையது என்று ஒரு கைக்குட்டைகூட என்னிடம் இல்லை. பூசைக்குச் சொல்லியாகிவிட்டது, குழி வெட்டியாகிவிட்டது. சவப்பெட்டிக் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டை ஒன்றை நாலாக மடித்து உள்ளே வைத்தேன், பெட்டி தூக்கும்போது லேசாக இருக்கக் கூடாது என்று பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கினேன், ஆணி அடித்தேன். தம்பி முன்பு என் வீட்டில் விட்டுப்போன சட்டை என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மா அந்த மூடியில்தான் முத்தம் கொடுத்தாள். பேனா ஒழுகிய மஞ்சள் கட்டச் சட்டை. அதன் நிறம்கூட அந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பிலோவுக்கு விரல் போதுமானதாக இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான், இந்த ஊரில்தான் இருக்கிறான், ஏதோ பயத்தில் ஒளிந்திருக்கிறான். அப்படி ஒரு சட்டை அவனிடம் கிடையாதே என்று அந்தோணி சொல்லிப் பார்த்தார். ஆறு வருஷமா ஒரே சட்டையவா மாட்டிக்கினு இருப்பாரு என்றாள். கடைசியில் மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றாள். தலை கலைந்து, புதுப் புடவையின் கரையெல்லாம் அழுக்கு.

"மாமா, நீங்க பேப்பர்காரரு. கண்டதையும் நம்ப மாட்டீங்க. நீங்க சொன்னா நான் கேக்கறேன். அவரு உசுரோட கீறாரா, இல்லியா?"

அந்தச் சட்டை காசிமேட்டுக் கல்லறை மண்ணுக்குள் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவளுக்கு விடை கிடைத்திருக்கும். சேவியரையும் அன்றோடு விட்டிருப்பாள். சொன்னால் நான் பொய்யன் என்பது தெரியும். பேயே இல்லை என்று எழுதியவன், உன் புருஷன் பேயாக வந்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது காரணம் நான் பிறகு சேர்த்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

தூத்துக்குடிக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது போய்ச் சேரவில்லை. எட்டு மணிக்குச் சரியாக வந்தார். ஜெனிக்கு ஒரு பொம்மை வாங்கி வந்திருந்தார். பிலோ அறையைவிட்டு வெளியே வரவில்லை. தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார், மீன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். லிப்ட் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். பரவாயில்லீங்க என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அடுத்த வருடம் வேறு யாரையோ கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மிச்சமிருந்த ஆறு நாளும் பிலோ அந்தப் படியில்தான் போய் உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பிய பிறகு புளியந்தோப்பில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்து இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். கல்லறைத் திருநாளுக்கு அவள் எப்போதுமே வந்ததில்லை. அம்மா போன பிறகு நான் மட்டும் போய், என் சட்டைக்கு நானே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறேன்.

ஐந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெனி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு. "நான் பார்த்த வெளிநாடு" என்று கட்டுரை, வகுப்பிலேயே வெளிநாடு பார்த்தவள் அவள் ஒருத்திதான், பள்ளி மலரில் போடுவார்களாம், பெரியப்பா திருத்திக் கொடுக்க வேண்டும். நான் பிலோ வீட்டு முன்னறையில் இருந்தேன். பிலோ பின்பக்கம் குழாயடியில் அரிவாள்மணை போட்டுச் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கிளி சைக்கிள் ஓட்டியது, ரயில் கதவு, வாழையிலைச் சாப்பாடு, எல்லாம் வரிசையாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: அங்கு என் அப்பா வந்து என்னோடு பேசினார். பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை.

இது தப்பு, நான் அங்கே இல்லை, அந்தோணி மாமாவோடு டிக்கெட் வரிசையில் நின்றேன் என்று சொன்னேன்.

"அது அப்பால பெரியப்பா. மொதல்ல அங்கதான் நின்னீங்க. நான் உங்கள கூப்ட்டேன், நீங்க திரும்பல. அப்பா எறங்கிப் போனாரு, நீங்களும் அவரு பின்னாலயே எறங்கிப் போனீங்க."

"எங்கே?"

"படிக்குக் கீழ. தண்ணிக்கு."

பின்பக்கம் மீன் அரியும் சத்தம் நின்றது. பிலோ திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப நீங்களும் பாத்துக்கீறீங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடி. இல்லை பிலோ என்றேன். சரி மாமா என்றாள். மறுபடி அரிய ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நான் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், எதுவும் கேட்பதில்லை.

அன்று மத்தியானமே சிங்கப்பூருக்கு போன் போட்டு அந்தோணியிடம் கேட்டேன். சந்தேகமே வேண்டாம், வரிசையில் கடைசிவரை என் பக்கத்தில்தான் நின்றீர்கள் என்றார். பிறகு, "ஆனா மச்சான், அந்தாளப் பத்தி, கல்யாணத்தப் பத்தி, அவ்ளோ நேரம் உங்ககிட்ட பேசிக்கினே இருந்தேன். நீங்க ஒரு வார்த்த பதில் சொல்லல" என்றார்.

வரிசையில் அந்தோணி என்னோடு பேசியதாகவே எனக்கு நினைவில்லை.