ருமேனியா மாமாவின் மூன்றாவது நாவல்

சோடா பாட்டில் தெருக்கல்லில் பட்டு உடைகிற சத்தம் இன்றைக்குக் கேட்டாலும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிடுவேன். சுதந்திரத்துக்கு முந்தின வருஷத்து இந்து முஸ்லிம் கலவரத்தில், பம்பாய் மாதுங்காவில் எங்கள் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்காத நாளில்லை. கத்திக்குத்து விழுந்தால் அதற்குக் "கேஸ்" என்று பேர், "இன்னிக்கு நாலு கேஸாம்" என்று பெரியவர்கள் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல மாடிக்கு மாடி சொல்லிக்கொள்வார்கள்.

எங்களுக்கு மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தவரைக் குழந்தைகள் நாங்கள் "ருமேனியா மாமா" என்போம். தம் நாட்டில் இரண்டு நாவல்களும் ஏராளமான சிறுகதைகளும் எழுதிப் பெயர் வாங்கியவர், யூதர் என்பதற்காக அவர் புத்தகங்களைச் சந்தையில் குவித்துக் கொளுத்தி, தம்பியைக் கண்ணெதிரே அடித்துக் கொன்று, அவருடைய வலது கை விரல்களையும் முறித்துத் துரத்தினார்கள் என்பதெல்லாம், அவரோடு ஆங்கிலம் பேசக்கூடிய அப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கப்பல் மாறிக் கப்பல் ஏறி பம்பாய் வந்தவர், இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தம்பியின் சாவை மூன்றாவது நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு நகல் கிடையாது. இது முடிந்துவிட்டால் தாம் உயிரோடு தப்பியதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாராம்.

சரஸ்வதி பூஜை வந்தது. எழுதுகிறவர் ஒருவர் மாடியில் இருக்க, அவர் எழுத்தைப் பூஜையில் வைக்காமல் விடுவதா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னிக்கு ஒரு அட்சரம் எழுதப்படாதுன்னு சொல்லுங்கோ. நம்மாத்துல வச்சா சரஸ்வதி பாத்துப்பா, நாளைக்குக் காலம்பற எடுத்துக்கட்டும்" என்று அப்பாவை அனுப்பினாள். மாமா சிரித்துக்கொண்டே டைப்ரைட்டரையும் தாள்கட்டையும் தாமே தூக்கி வந்தார். அம்மா இரண்டுக்கும் சந்தனம் இட்டுப் பூ வைத்தாள்.

கற்பூரம் ஏற்றப்போகிற சமயம், தெருவில் ரொட்டி விற்கும் கிழவர் தோளிலிருந்து ரத்தம் ஒழுக, திறந்திருந்த எங்கள் கதவுக்குள் வந்து விழுந்தார். அவர் முஸ்லிம், அவர் செய்த குற்றம் அதுதான். பின்னாலேயே நாலைந்து பேர் இரும்புத்தடியோடு வந்தார்கள். பூஜை என்றால் எவனும் வாசலிலேயே நின்றுவிடுவான் என்று நம்பிய அம்மா, தனக்குத் தெரிந்த இந்தியில், "பூஜா ஹை. அந்தர் மத் ஆவ்" என்று உள்ளே வரவிடாமல் குறுக்கே நின்றாள். முன்னால் வந்தவன் விலகச் சொல்லி "ஹட் பாயி" என்று அவளைத் தள்ளிய தள்ளில் நிலைப்படியில் மண்டை மோதிச் சாய்ந்தாள்.

அப்பா கிழவரைச் சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மாமா டைப்ரைட்டரை எடுத்து அந்த முன்னால் வந்தவன் முகத்திலேயே அடித்தார். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. இன்னொருவன் இரும்புத்தடியை ஓங்க, அவர் அதை முறிந்த விரல்களையும் மடக்கி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அந்த இழுபறியில் குத்துவிளக்கு சரிந்து, கட்டு அவிழ்ந்து கிடந்த தாள்களில் எண்ணெய் கொட்டிப் பற்றிக்கொண்டது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். தடியை விட்டால் அவன் பின்கட்டுக்குப் போய்விடுவான். அவர் விடவில்லை. மிலிட்டரி லாரியின் சத்தம் கேட்டு அவர்கள் ஓடும்வரை பார்த்துக்கொண்டேதான் நின்றார். கிழவர் பிழைத்தார், நாவல் சாம்பலாகிவிட்டது.

"நான்னா கேட்டு வாங்கிண்டேன்" என்று தலையில் கட்டோடு அம்மா அழுதாள். மாமா அப்பாவிடம் ஏதோ சொன்னார். "அவர் ஊர்ல காறித் துப்பிட்டுக் கொளுத்தினாளாம். இங்கே பூவாவது போட்டோமாம்" என்று அப்பா சொன்னதும் அம்மாவின் அழுகை இன்னும் அதிகமாயிற்று.

அதற்கப்புறம் அவர் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற சிறுகதைகளை மட்டுமே எழுதினார். சில வருஷங்களில் கப்பலேறிப் பாரிஸ் போனார். அந்தக் கதைகள் அங்கே புத்தகங்களாக வந்து நல்ல பேர் வாங்கியதாகப் பிற்பாடு தெரிந்தது.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை, அந்த இடத்தில் இருபது மாடி நிற்கிறது. கேஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கோர்ட்டு ஞாபகம்தான் வரும். போன மாதம் என் பேத்தி அவரைப் பற்றிய ஒரு குறிப்பைத் தேடிப் படித்துக்காட்டினாள். பம்பாய்க்குப் பிறகு அவர் நாவல் எழுதவே இல்லை, காரணம் தெரியவில்லை என்று அதில் இருந்தது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜையில் வெறும் பலகைக்குத்தான் பூ. ஒரு புத்தகத்தையும் அவள் வைக்க விடவில்லை.