தவக்காலத்தில் ஒரு பர்கர்

அந்த மார்ச் மாதம் முழுவதும் எங்கள் நியூ ஜெர்சி அபார்ட்மென்ட்டில் மீன் குழம்பு மணந்தது. எனக்கு மட்டும் அது நாறியது. அத்தை அடுப்பில் சட்டியை வைத்ததும் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மீன் என்றில்லை, சோறு, ரசம், பிரெட், வெறும் தண்ணீர்கூட உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மசக்கை ஊரில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் எனக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இது இரண்டாவது. இதையும் விட்டுவிட்டால் நான் என்ன ஆவேன்?

என் வயிறு ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டது. பர்கர். சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் மாங்காய்க்கும் புளிக்கும் ஏங்கியிருக்கலாம். அடுப்புச் சாம்பலைத் தின்ன ஆசைப்பட்டிருந்தால்கூட கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அதுவும் ஏதோ ஒரு பர்கர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிலடெல்பியாவிலிருந்து காரில் திரும்பும்போது, பனியில் ஏதோ விபத்து என்று டர்ன்பைக் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு எக்ஸிட்டில் ஊருக்குள் இறங்கி, வழி தவறி, பசியோடு டைனர் என்கிற சாலையோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் போய் உட்கார்ந்தோம். வாசலில் காபிக் கோப்பை வடிவத்தில் ஒரு நியான் விளக்கு. அதில் கைப்பிடி மட்டும் எரியவில்லை. அங்கே வந்த பர்கரின் ஓரமெல்லாம் முறுகியிருந்தது, நடுவில் சாறு. மேலே நன்றாக வதக்கிய வெங்காயம், உருகி வழிந்த சீஸ், வெண்ணெயில் வாட்டிய பன். கணவருக்குப் பாதி தருவதாகச் சொல்லிவிட்டு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அது எந்த ஊர், எந்த எக்ஸிட் என்று அன்றைக்கு இருவருமே பார்க்கவில்லை.

சரி, ஆசைப்பட்டதை வாங்கித் தின்னவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வினையே அங்கேதான் இருந்தது. அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் சொன்னார்:

"ஏட்டி, மாதாகிட்ட நேந்துட்டு வந்திருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்ல ஒருத்தரும் கறி தொடக்கூடாது. பிள்ள நல்லபடியா தங்கட்டும்."

தவக்காலத்தில் கறியை விடுவது எங்கள் வீடுகளில் வழக்கம்தான், மீன் உண்டு. ஆனால் இது வெறும் வழக்கம் இல்லை, நேர்ச்சை. அத்தையோ பெரிய கறிப் பிரியர். அவர் நல்லி எலும்பை உறிஞ்சும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று என் கணவர் கேலி செய்வார். அப்படிப்பட்டவர் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளை தங்க வேண்டும் என்று அவர் விட்ட அதே கறியைத்தான் பிள்ளை உள்ளிருந்து கேட்கிறது. தின்றால் நேர்ச்சை முறியும், தின்னாவிட்டால் உடம்பு முறியும். யாரிடம் போய் இதைச் சொல்வது?

கணவரிடம்தான் சொன்னேன். அபார்ட்மென்ட் லாண்டரி ரூமில், துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

"செக்கப்னு சொல்லிட்டுக் கிளம்புவோம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

இப்படித்தான் எங்கள் திருட்டுத்தனம் தொடங்கியது. பக்கத்தில், காரிலிருந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூவில் முதல் பர்கர். பன் இனித்தது, உள்ளே அட்டை மாதிரி ஏதோ இருந்தது. இரண்டு கடி கடித்திருப்பேன். காரை ஓரம்கட்டச் சொல்லி, அழுக்குப் பனிக்குவியல்மேல் எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு ரூட் 22-இல் ஒரு டைனர். அங்கே சிவப்பு சீட் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆப்பிள் பை என்கிற இனிப்பு சுற்றிக்கொண்டிருந்தது, அதே இடம்தான் என்று ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. நியூ ஜெர்சியில் எல்லா டைனரிலும் சிவப்பு சீட்டும் சுற்றுகிற ஆப்பிள் பையும் இருக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த பர்கரில் மிளகுக்குப் பதில் ஏதோ வாசனைப் பொடி போட்டிருந்தார்கள். அதுவும் நிற்கவில்லை. ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொரு கடையைச் சொன்னார்கள். அத்தனையையும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்புகையில் வாசனை போகவேண்டும் என்று அந்தக் குளிரிலும் ஜன்னல்களை இறக்கிவிட்டே ஓட்டுவார். நான் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

குளிரைவிடப் பயம்தான் கொன்றது. வாந்தி எடுக்கும்போதெல்லாம், மாதா நான் தின்ற திருட்டுக் கறியைத்தான் திருப்பி அனுப்புகிறாள் என்று தோன்றும். இன்னொரு முறை தின்றால் பிள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொள்வாளோ என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே அடுத்த கடையைப் பற்றி விசாரிப்பேன். வெட்கம் கெட்ட வயிறு.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் எடை பார்த்தார். இன்னும் இறங்கியிருந்தது. திங்கட்கிழமைக்குள் ஏதாவது உள்ளே தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றவேண்டும் என்றார். பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். "லெட்ஸ் ஸீ" என்றார். முதல் பிள்ளைக்கும் இதையேதான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் விழுந்து, அத்தை இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன். என் கணவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தை ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க கோட்டு மணக்கது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளோ? மாட்டுக்கறி வாசன ஜன்னலத் தொறந்தா போயிருமா?" என்றவர், மகனிடம் திரும்பினார். "ஏலே, அன்னைக்கு எங்கன வச்சு வழி தவறுன?"

"பிலடெல்பியா பக்கம்மா. ஞாபகம் இல்ல."

"தொலைச்ச எடத்துலதாம்ல தேடணும். இங்கன வீட்டுப் பக்கமே சுத்துனா எப்படிக் கெடைக்கும்? காலைல கார எடு. நானும் வாரேன்."

மறுநாள் சனிக்கிழமை. டர்ன்பைக்கில் தெற்கே வெகுதூரம் போய், அன்று வந்ததுபோலவே வடக்கே திரும்பினோம். ஒவ்வொரு எக்ஸிட்டாக இறங்கி ஏறினோம். அத்தை பின்சீட்டில் என் சேலைத்துணி ஒன்றையும் பிளாஸ்டிக் வாளியையும் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். மத்தியானத்தில் கணவர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துவிட்டு, "போதும், முடியல" என்றார். இன்னும் ஒரே ஒரு எக்ஸிட் என்று கெஞ்சினேன். அந்த எக்ஸிட்டிலும் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்ததில் பார்த்தேன், கைப்பிடி இல்லாத கோப்பை.

பர்கர் வந்தது. அதே முறுகல், அதே வெங்காயம். வாயில் நீர் ஊறியது, ஆனால் கை எழவில்லை.

"அத்த, நேந்துக்கிட்டது என்னாகும்?" என்றேன்.

"நேந்தது நானா நீயா? நான்தான? அத நான் பாத்துக்கிடுதேன். நீ தின்னுட்டி."

வீட்டில் சோற்றின்மேல் போடுவதுபோல அந்த பர்கரின்மேல் சிலுவை போட்டு, என் பக்கம் தட்டைத் தள்ளினார். தின்றேன். சாறு முழங்கை வரை வழிய, பக்கத்து டேபிள்காரர்கள் பார்க்கப் பார்க்கத் தின்றேன். பிறகு மூவரும் பார்க்கிங் லாட்டில் காருக்குள் போய் உட்கார்ந்தோம். வாளி என் மடியில் இருந்தது. வெகுநேரம் கழித்து அத்தை அந்த வாளியை எடுத்துக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மற்ற சாப்பாடும் தங்க ஆரம்பித்தது. ஈஸ்டரன்று என் கணவர் ஆட்டுக்கறி வாங்கி வந்தார். அத்தைதான் சமைத்தார். நல்லியை எங்கள் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு ரசம் ஊற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்குப் பல் ஆடுகிறது என்றார். நானும் பல்தான் என்று நம்பினேன்.

என் மகளுக்கு நான்கு வயதானபோது அத்தை மறுபடி வந்தார். அதே டைனருக்குப் போனோம். மகள் பர்கரை இரண்டு கையாலும் பிடித்து, முகமெல்லாம் கெட்சப்பாக, எதிரே வெறும் சீஸ் சான்ட்விச்சை வைத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள்.

"பாட்டி, டோன்ட் யூ லைக் மீட்?"

அத்தைக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். நாப்கினால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"ரொம்பப் பிடிக்கும்ட்டி. அதான் மாதாவுக்குக் குடுத்தேன்."