இன்னொரு ஐ

போன வாரம் ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தேன். பெயர் எனக்கே வாயில் நுழையவில்லை. கம்ப்யூட்டர் ஹேக்கிங் தொடங்கிய காலத்துக் கதை. பீரோ அளவு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், ஒல்லியாக நாலு இளைஞர்கள். பெரிய வித்தை காட்டப்போகிறார்கள் என்று பார்த்தால்... ஆபீசுக்கு போன் போட்டு, நைசாகப் பேச்சுக் கொடுத்தே பாஸ்வேர்டைக் கறந்துவிடுகிறார்கள்.

"இதுக்கு எதுக்கு படம்? நம்ம ஸ்ரீரங்கத்துல எல்லாரும் தினம் பண்றதுதானே" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை, மாடி வீட்டு வசந்தி லேப்டாப்போடு இறங்கி வந்தார். கூடவே கணவர் முரளி. வசந்திக்கு அன்று முசிறியில் ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ். பாடம் மொத்தமும் லேப்டாப்புக்குள். அதுவோ திறக்க மாட்டேன் என்கிறது.

"நேத்து இவர்தான் பாஸ்வேர்டை மாத்தினார் சார். என் பேர்தானாம். அடிச்சுப் பார்த்துட்டேன், வரலை. இந்த வேலையும் போச்சுன்னா அவ்வளவுதான்." வசந்திக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

"நீங்களே அடிங்களேன், முரளி."

"கண்ணாடி மாடியில இருக்கு சார்" என்றார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது!

எனக்குள் ஹேக்கர் விழித்துக்கொண்டான். "சரி, வசந்திக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்க, கேட்போம்" என்று பேச்சுக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னவர் கடைசியில் வசந்தியைப் பார்க்காமல் முணுமுணுத்தார்.

"...ஐ. அப்புறம் இன்னொரு ஐ."

விஷயம் இதுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நியூமராலஜி பார்ப்பவர், பெயரில் ஒரு ஐ கூட்டினால் வேலை நிச்சயம் என்று வசந்தியிடம் சொல்லியிருக்கிறார். அதைத் தெருவுக்கே கேட்கும்படி கேலி செய்தவர் இதே முரளி. வசந்தியும் கூச்சப்பட்டு அந்த ஐ-யை விட்டுவிட்டார்.

"நீங்கதானே அதெல்லாம் ஃபிராடுன்னீங்க?" என்றார் வசந்தி.

"ஃபிராடுதான்" என்றார் முரளி, தரையைப் பார்த்தபடி. "ஒருவேளை பலிச்சுதுன்னா... உனக்குக் கிடைக்கட்டுமேன்னுதான்."

லேப்டாப் திறந்துகொண்டது. பஸ்ஸைப் பிடிக்க ஸ்கூட்டரில் இருவரும் பறந்தார்கள். எனக்கு ஏனோ அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. எதையும் நம்பாதவர்கள்கூட, வேண்டியவர்களுக்கு என்று வந்தால் கொஞ்சம் நம்பித்தான் பார்க்கிறார்கள், இல்லையா?

வேலை கிடைத்துவிட்டது. "எல்லாம் அவ திறமை" என்று முரளி தெருவெல்லாம் சொல்லி வருகிறார். வசந்தியோ இப்போது கையெழுத்தே இரண்டு ஐ வைத்துத்தான் போடுகிறார்.

"வேலைதான் கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு அந்த ஐ?" என்று என் மனைவி கேட்டாள்.

"அது இவர் போட்டதுங்க" என்றார் வசந்தி.