சாய்ந்தே திறந்த படம்

லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சுக்கடை. கருமக்கிரியைக்கு நினைவு அட்டை போட அங்கே வைத்திருக்கும் மென்பொருளைப் பராமரிப்பது நான்தான். பழைய மென்பொருள், ஜேபெக் படத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. இப்போதைய கைப்பேசிகளோ ஹெய்க் என்ற புது வகையில் படங்களைச் சேமிக்கின்றன. அதைக் கொடுத்தால் வாயையே திறக்காது. கடைக்கார அண்ணன் பலமுறை புலம்பியும் நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு மாக் மண்டினிலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், பதினாறாம் நாளுக்கு அட்டை வேண்டும். அவர் சிரிக்கிற படம் அந்த ஒன்றுதான் இருக்கிறது, அதையே போட வேண்டும் என்று சொல்லிப் படத்தை அனுப்பினாராம். அதுவும் புது வகைப் படம். எங்காவது ஜேபெக்காக மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அண்ணன் குத்திப் பேசியதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை புது வகைப் படத்தைத் திறக்கும் நிரலையே ஒழுங்காக எழுதிவிடுவது என்று கெலுகோரில் வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

படம் திறந்தது. ஆனால் முகம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. பின்னால் ஸ்டூடியோ சுவர் போல வெறும் வெள்ளை. கைப்பேசியை எப்படிப் பிடித்து எடுத்தார்கள் என்ற குறிப்பும் கோப்புக்குள்ளேயே இருக்கும். என் நிரல் அதைத் தப்பாகப் படிக்கிறது என்று முடிவு கட்டினேன். திருப்புவதற்கு ஒரு வரி சேர்த்தேன். மனிதர் நிமிர்ந்தார். சோதித்துப் பார்க்க என் மனைவியின் படத்தைப் போட்டேன். அவள் சாய்ந்துவிட்டாள். வரியை எடுத்தேன்; அவள் நிமிர்ந்தாள், அவர் சாய்ந்தார். வேறு மென்பொருளில் திறந்தாலும் அவர் சாய்ந்தேதான் இருந்தார். அப்படியென்றால் தப்பு என்னுடையதா, கைப்பேசியுடையதா? இணையத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் என்னத்தைக் கற்றுக் கிழித்தேன் என்று எரிச்சலாக வந்தது.

அண்ணன் போன் போட்டார். "அக்கா வந்து உக்காந்திருக்காங்க. இன்னிக்கே பிரிண்டிங் போகணும்லா."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். படம் எடுக்கும்போது கைப்பேசியை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். நேராகத்தான் என்றார். சாய்ந்த படத்தைக் காட்டி, இது ஏன் இப்படித் திறக்கிறதென்றே புரியவில்லை என்றேன்.

அவர் தன் கைப்பேசியில் முழுப் படத்தை எடுத்து நீட்டினார். மருத்துவமனைக் கட்டில், பக்கத்துக் கம்பி, மார்பு வரை போர்வை. நான் சுவரென்று நினைத்தது தலையணை. கட்டில் தெரிய வேண்டாமென்று முகத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்.

என் நிரல் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த நிம்மதியைக்கூட அங்கே வெளியில் காட்ட முடியவில்லை. கூசிப்போய் நின்றேன். படத்தைச் சாய்ந்தபடியே விடவா, இல்லை இதை மட்டும் கையால் திருப்பிப் போடவா என்று மெதுவாகக் கேட்டேன். எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நிமித்தியே போடுங்க தம்பி. ஒரு தடவ எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."