வேறு கைகளில் நாற்பது நாள்

தான் தேவைப்படாமல் போவதற்காக ஒருவர் மனதார உழைக்க முடியுமா? தியாகம் என்ற சொல்லைத் திணித்து இந்தக் கேள்வியின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் தியாகத்துக்கு ஒரு கூலி உண்டு. செய்கிறவருக்குத் தான் எதை விடுகிறோம் என்று தெரியும். பார்க்கிற நாலு பேருக்கும் தெரியும். யாரும் பார்க்காத ஒரு மூன்றாம் மாடி அறையில், விடுகிறோமா பிடித்துக்கொள்கிறோமா என்று தனக்கே பிடிபடாமல் உழைத்த ஒருத்தியை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளை ஞாயிறு அக்கா என்பார்கள். மற்றவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் வருவார்கள். அவள் பதினோரு வருடமாக ஏழு நாளும் வந்தாள். கட்டடக் காவலாளிக்குக்கூட மாற்று ஆள் உண்டு; அவளுக்கு இல்லை. காரணம் அவள் வளர்த்த ஸ்டெம் செல்கள். யாரோ ஒரு பெரியவரின் தோலிலிருந்து எடுத்தவற்றைப் பின்னோக்கி அழைத்துப்போய், உடம்பின் எந்தப் பாகமாகவும் ஆகக்கூடிய நிலையில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவற்றை இதயத் தசையாக்கலாம். பார்க்காவிட்டால் கண்டபடி எதுவாகவோ ஆகிவிடும், அல்லது சாகும். தினமும் அவை வளரும் தட்டுகளிலிருந்து பழைய உணவுத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்கும் திரவம் பழசானால் மஞ்சளாகும். செல்லுக்குக் கிழமை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடி வேறு மாதிரி இருக்கும். நடைவழி விளக்கு பாதிதான் எரியும். அவள் காலணியை மாற்றி, மேலங்கி போட்டு, காற்று வடிகட்டும் கண்ணாடி மேடைக்கு முன்னால் உட்காருவாள். அந்த மேடையின் ஒரே சீரான இரைச்சல்தான் துணை. செல் தட்டுகள் இருக்கும் வெதுப்புப் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் வந்து படும் வெப்பம் முப்பத்தேழு டிகிரி. மனித உடம்பின் வெப்பம். வாரத்தில் வேறு எந்த உடம்பின் வெப்பமும் தன் மேல் படுவதில்லை என்று ஒருமுறை அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பெட்டியைச் சாத்திவிட்டாள். அதிக நேரம் திறந்து வைத்தால் சூடு போய்விடும்.

கல்யாணம் ஆகியிருந்தது. சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது கணவர் வீட்டில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. மிச்சம் இருந்தது வேறு ஊரில் இருக்கும் தங்கை. அவளுக்கு வாய் நீளம்.

"உன் தட்டுல இருக்கிறதுக்குத் தும்மல் வந்தா ஓடுற. எனக்கு ஆபரேஷன்னா போன்ல பூப்படம் அனுப்புற. நானும் ஒரு தட்டுல போய் உக்காந்துக்கவா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய பேராசிரியருக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து பணம் வந்தது. கொஞ்சம் விசித்திரமான அறக்கட்டளை. பலன் உறுதியாகத் தெரிந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேறு ஆட்கள் உண்டு, நாங்கள் முளைவிடுகிற நிலையில் இருப்பதற்குத்தான் கொடுப்போம் என்பார்கள். அதிலும் தனி ஆளுக்குக் கிடையாது. இதுவரை சேர்ந்து வேலை செய்யாத இரண்டு கூடங்கள் கைகோத்து வர வேண்டும். பேராசிரியர் நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பொறியியல் கூடத்தைப் பிடித்தார். அவர்கள் மெல்லிய சவ்வு செய்கிறவர்கள். செல்லை இவர்கள் வளர்த்துத் தர, சவ்வின் மேல் அவர்கள் பரப்ப, பழுதான இதயத்தில் ஒட்டுப் போடலாமா என்று பார்ப்பதுதான் திட்டம். ஒட்டுப் போடுவதெல்லாம் இன்னும் எத்தனையோ வருடத்துக்கு அப்புறம். இப்போதைக்குச் செல் சவ்வில் உயிரோடு இருந்தாலே பெரிய காரியம்.

வியாழக்கிழமைதோறும் அக்கா வெப்பம் காக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி அங்கே போனாள். பெட்டியை வாங்கிக்கொள்கிறவர் அந்தக் கூடத்தின் தொழில்நுட்பர். ஐம்பது வயதைத் தாண்டியவர், முன்பு தராசு பழுதுபார்த்தவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அங்கே எல்லாரும் அவரை அளவுகாரர் என்றார்கள். தேநீருக்குச் சர்க்கரையை அவர் எடைபோட்டுப் போடுவதாகக் கேலி உண்டு. கேட்டால், "எடை போடல, எண்ணிப் போடுறேன்" என்பார்.

கொடுத்த செல்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்ல, தினமும் காலை ஏழு மணிக்கு அவர் போன் செய்வார். "முப்பத்தேழு புள்ளி பூஜ்யம், மேடம். நிறம் சரி. மிதக்கிறது கம்மி." அவ்வளவுதான் பேச்சு. மிதப்பது என்றால் செத்த செல்கள். முதல் மாதம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவருடைய அப்பாவின் மூட்டுவலி, பக்கத்து வீட்டுக்காரரின் வயலின் பயிற்சி, மழை என்று நீண்டு பத்து நிமிடம் ஆனது. ஏழு மணிக்குள் குளித்துத் தலை வாரி முடித்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. போனில் தலை தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

முதல் கட்டப் பணம் முடியும் சமயத்தில் அறக்கட்டளை தன் நிபந்தனையைச் சொன்னது. இரண்டாம் கட்டம் வேண்டுமானால், செல்கள் வேறு கைகளிலும் வளரும் என்று காட்ட வேண்டும். எழுதிய செய்முறையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பொறியியல் கூடம் நாற்பது நாள் தானே அவற்றை வளர்க்க வேண்டும். அந்த நாற்பது நாளும் இங்கிருந்து ஆளோ யோசனையோ போகக் கூடாது. ஒருத்தியின் கைராசியில் ஓடுகிற ஆராய்ச்சியை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது என்று அவர்கள் கருதினார்கள். அது நியாயம்தான்.

பேராசிரியர் அவளிடம் ஒளிக்கவில்லை. "இது தேறிட்டா செல் வளர்க்கிறது மொத்தமா அங்க போயிடும். உங்களுக்கு இங்க மேசை, மேற்பார்வை, அதே சம்பளம். ஞாயித்துக்கிழமை லீவு" என்றார். நல்ல செய்தி சொல்கிற குரல். தேறாவிட்டால்? பெரிய திட்டம் போய்விடும். சின்ன அளவில் இங்கேயே, அவள் கையிலேயே, முடிகிற மட்டும் ஓட்டலாம் என்றார். ஆக, அவர்கள் தோற்றால் அவளுக்கு அந்த அறை மிஞ்சும், ஜெயித்தால் மேசை. அவள் தலையாட்டிவிட்டுச் செய்முறை எழுத உட்கார்ந்தாள்.

பதினான்கு பக்கம் எழுதினாள். எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், தட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது, எல்லாம் எழுதினாள். ஐந்து நாளுக்கு ஒருமுறை செல் கூட்டங்கள் தட்டை நிறைத்துவிடும். அவற்றைக் கலைத்துப் புதிய தட்டுகளில் நட வேண்டும். திரவத்தோடு உறிஞ்சும் குழாயில் ஏற்றி இறக்கினால் கூட்டம் உடையும். அந்த இடத்தில், "மெதுவாகக் கலைக்கவும்" என்று எழுதினாள்.

நாற்பது நாள் தொடங்கியது. ஏழு மணிக்குப் போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் குளித்துத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் தங்கைக்கு அவளாகவே போன் செய்தாள். தங்கை, "யாரு செத்தா?" என்றாள். யாரும் சாகவில்லை, சும்மாதான் என்றதும் தங்கைக்கு இன்னும் பயமாகிவிட்டது. வியாழக்கிழமைகளில் கை சும்மா இருந்தது. பெட்டி இல்லாத மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, போக வேண்டிய அவசியம் இல்லாத பேருந்தில் ஒருமுறை பாதி வழி போய்த் திரும்பினாள்.

இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம் அளவுகாரரின் அழைப்பு வந்தது. அந்த மனிதர் விதியை மீறுவது தராசு பொய் சொல்வது மாதிரி.

"நான் எதையும் கேக்கலை மேடம். கேக்கக் கூடாதுன்னுதானே இருக்கு? சொல்ல மட்டும் செய்றேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு நடவுக்கும் மோசமாயிட்டே போகுது. நான் கவனமா இருக்க இருக்க அதிகமா மிதக்குது. மெதுவாத்தான் கலைக்கிறேன். மொதல்ல இருபது தடவை ஏத்தி இறக்கினேன். கூட்டம் கூட்டமா இருந்தா எண்ண முடியாதுல்ல? இப்போ அறுபது. ஒண்ணு ஒண்ணா அழகாப் பிரிஞ்சிடுது. எண்ணிக்கை துல்லியமா வருது. மறுநாள் பார்த்தா எல்லாம் செத்துக்கிடக்கு." அவர் குரல் இறங்கியது. "என்னால ஒரு திட்டமே போகுதேன்னு இருக்கு."

"வைக்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவளுக்கும் நடவு நாள். மேடை முன் உட்கார்ந்து, பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையை எண்ணினாள். ஏழு. அடுத்த தட்டிலும் ஏழு. கை தானே நின்றுகொண்டது. அந்தச் செல்கள் பத்து இருபதாக ஒட்டிக்கிடந்தால் பிழைக்கும். ஒவ்வொன்றாகத் தனித்துவிட்டால் சாகும். புதிதாகச் சேரும் மாணவர்கள் இதைக் கேட்டதும் மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அவளுக்கு அது பிடிக்காது. செல் உவமைக்காகப் பிறக்கவில்லை என்பாள். ஆனால் இவ்வளவு தெரிந்தும், எங்கே நிறுத்துவது என்பதை அவள் எழுதவில்லை. மூச்சு விடவும் என்று எந்தச் செய்முறையில் எழுதுவார்கள்? அவளுக்கு அது அப்படி ஆகிப்போயிருந்தது. தப்பு அளவுகாரருடையது அல்ல. பதினான்கு பக்கத்தில் விட்டுப்போன ஓர் எண்ணுடையது.

மறுநாள் காலை தன் பெயரிலேயே அறக்கட்டளைக்குக் கடிதம் அனுப்பினாள். ஏழு முறைக்கு மேல் கலைக்கக் கூடாது என்று எழுதாதது தன் பிழை. நேற்று ஓர் அழைப்பு வந்தது, தான் யோசனை எதுவும் சொல்லவில்லை. இவ்வளவுதான் கடிதம். பேராசிரியரிடம் பிறகுதான் சொன்னாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு என்ற ஒற்றைச் சொல்லைப் போனில் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் அறக்கட்டளை அதிகாரியே அவளைக் கூப்பிட்டார். அவளைவிட இளைய பெண், இதமாகப் பேசுகிறவர்.

"பயப்படாதீங்க. எத்தனையோ ஜோடிக் கூடங்களைப் பார்த்துட்டேன். எல்லாரும் ஓரத்துல ரகசியமாப் பேசிக்கிறவங்கதான். நீங்கதான் கடுதாசி போட்டிருக்கீங்க." லேசாகச் சிரித்தார். "இதைச் செய்முறைத் திருத்தம்னு எடுத்துக்கறேன். நீங்களே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. தினமும் பேசிக்கிட்டாலும் நான் கண்டுக்க மாட்டேன். இன்னைக்கு இருபத்துநாலாம் நாள், அப்படியே தொடரட்டும்."

எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஏழு மணிப் போன் திரும்பும். இன்னும் பதினாறே நாள். அவள் கூட இருந்தால் அளவுகாரர் தோற்க மாட்டார். மறுபடி முதலிலிருந்து என்றால் வேறு கணக்கு. ஐம்பது நாளில் இரண்டாம் கட்டப் பணத்தை முடிவு செய்யும் அறக்கட்டளைக் குழு கூடுகிறது. நாற்பது நாளில் ஒரு நடவு பிசகினாலும் மீண்டும் செய்ய நேரம் கிடையாது.

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வெதுப்புப் பெட்டிக்குள் அவளுடைய தட்டுகள் இருந்தன. நாட்களை நீட்டினால் அவை இன்னும் நாற்பது நாள் அவளுடையவை. அளவுகாரரின் குரல் அதே நாற்பது நாளும் இருக்காது.

"வேணாம்மா" என்றாள். "திருத்தத்தை நீங்களே அவருக்கு அனுப்பிடுங்க. நான் பேச மாட்டேன். மொதல் நாள்லேருந்து எண்ணுங்க."

"உறுதியாத்தான் சொல்றீங்களா? ஏன்னு கேக்கலாமா?"

"உறுதிதான்" என்றாள். இரண்டாம் கேள்விக்கு அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

அந்த நாற்பது நாளும் பிசகாமல் முடிந்தது, பணமும் வந்தது. பேராசிரியர் அதை நேர்மை என்றார். தங்கை திமிர் என்றாள். செல்களை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளப் பார்த்தாள் என்று மாடியில் ஒரு பேச்சு இருந்தது. மூன்றுமே பொருந்துவது போலத்தான் இருக்கின்றன. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. அளவுகாரர், எதையும் அளக்காமல் விடாதவர், இதைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் அவருடைய அப்பாவின் மூட்டுவலியை விசாரித்தாள்.